நாக்காப்பு

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரசாயனக் கூடத்தில், நான் திடீரென்று "ஐயையோ, லீடிங்கு மாமா!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம், சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்த போதெல்லாம் "லீடிங்கு மாமா சௌக்கியமா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அது யார் என்று உங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லி முடித்திருப்பேன். இப்போது விஷயம் வளர்ந்துவிட்டது. நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகையில் எத்தனை பக்கம் கொடுப்பீர்களோ தெரியாது. கொடுத்த வரைக்கும் எழுதுகிறேன்.

அன்று நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மிஸ் ஒரு மக்னீசிய நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். குடுவையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்துகொண்டிருந்தது. "இதை ஆவிக்குள்ள விட்டா அணைஞ்சுடும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினோம். உள்ளே விட்டார். அணையவில்லை. கண்ணைக் கூசும்படி இன்னும் வெள்ளையாக எரிந்தது. "பார்த்தீங்களா, இதுக்குத் தண்ணியும் சாப்பாடுதான்" என்றார் மிஸ். நீங்கள் நோட்டில் சமன்பாடு எழுதினீர்கள். நான் அந்த வெள்ளையை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். செஞ்சியில், பட்டப்பகலில், ஒரு காரின் பின்பக்கத்தில்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை. செஞ்சிக்குத் தனியாகத் தீயணைப்பு நிலையம் கிடையாது. சுற்றுப்பட்டு கிராமம் முழுக்கக் கூரை வீடுகள். பங்குனி பிறந்தால் எங்காவது ஒன்று பற்றிக்கொள்ளும். அதனால் அந்த வருஷம் நாலு மாதத்துக்கு மட்டும் ஒரு வண்டியும் ஆறு ஆட்களும் அனுப்பினார்கள். சந்தைத் தோப்பில் தகரக் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்தினார்கள். சிவப்பு வண்டி, பக்கவாட்டில் ஏணி, முன்னால் பித்தளை மணி. தினமும் நனைந்த குழாய்களைப் புளியமரத்துக் கிளையில் மடித்துத் தொங்கவிடுவார்கள். கித்தான் குழாய் வெயிலில் காயும்போது ஈரச் சாக்கும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை வரும். சந்தைக்கு வந்த ஆடுகள் அந்த வாசனைக்கு மிரண்டு சுற்றிப் போகும்.

ஆறு பேருக்கும் தலைவர் லீடிங் ஃபயர்மேன். ஊர் வாய்க்கு அது நீளம். முதல் வாரத்திலேயே 'லீடிங்கு' ஆகிவிட்டார். குழந்தைகளுக்கு லீடிங்கு மாமா. வற்றலான ஆள், நாற்பது வயது இருக்கும். சட்டைக் கையில் இரண்டு சிவப்புப் பட்டை தைத்திருக்கும். அந்தச் சட்டையை வேறு யாரையும் தேய்க்க விடமாட்டார். கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு தானே தேய்ப்பார், பட்டை மேல் பெட்டி படாமல் சுற்றிச் சுற்றி. வண்டி ஓட்டியவர் மட்டும் எங்கள் ஊர்க்காரர், கடைவீதிப் பாய். மற்றவர்கள் எல்லாம் தெற்கத்தி ஆட்கள். சாயங்காலம் ஆனால் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஊருக்குக் கடுதாசி எழுதுவார்கள்.

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. அதைப் பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நாளும் தவறாமல் போவோம். லீடிங்கு ஒவ்வொரு சொல்லாகக் கத்துவார். 'வாட்டர் ஆன்' என்றால் தண்ணீர் வரும். 'நாக் ஆஃப்' என்றால் பாய் பம்பை நிறுத்துவார், குழாய் செத்த பாம்பாகத் தரையில் கிடக்கும். நான் அந்தச் சொற்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், பக்கத்தில் அர்த்தத்தோடு. மற்றப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. 'நாக் ஆஃப்' அவர்கள் வாயில் 'நாக்காப்பு' ஆனது. அதை வைத்து ஒரு விளையாட்டே வந்தது. ஓடுகிறவனைப் பார்த்து "நாக்காப்பு!" என்று கத்தினால் அவன் எந்த நிலையில் இருக்கிறானோ அப்படியே நிற்க வேண்டும். ஒரு காலைத் தூக்கியிருந்தால் தூக்கினபடி. கடைவீதியில் பெரியவர்களுக்கு இது புரியவில்லை. "இன்னாடா அது, நாக்குக்குக் காப்பா?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்பார். நான் ஓடிப்போய் விளக்கம் சொல்வேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. இப்போதும் வராது என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது.

சித்திரை முடிவதற்குள் தோப்புக் கிணறு வற்றிவிட்டது. வண்டித் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும். லீடிங்கு வண்டியைக் கோட்டைக்குள் ஓட்டச் சொல்லி, அங்கிருக்கும் குளத்தில் குழாயைப் போட்டு உறிஞ்சினார். நீங்கள் செஞ்சிக்கு வந்திருந்தால் அந்தக் குளத்தைக் காட்டியிருப்பார்கள். ராஜாவை எரித்த கரை, ராணி தீப்பாய்ந்த இடம் என்று. எங்கள் ஊரில் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், மாடு குளிப்பாட்டுவார்கள். ஆனால் அடுப்பு அணைக்க அந்தக் குளத்துத் தண்ணீரை ஊற்ற மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் அம்மா, "அவ நெருப்பு அது. அந்தத் தண்ணிக்கு அடங்காது" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

டீக்கடையில் இது பெரிய விஷயமாகிவிட்டது. மளிகைக்கடைக்காரர் லீடிங்கிடம் நேராகவே கேட்டார்.

"இன்னா லீடிங்கு, ஊர்ல வேற தண்ணியே இல்லியா? நெருப்பு அணைக்கிற வண்டியில அந்தத் தண்ணியப் போய் ரொப்பிக்கினு வரீங்களே."

"தண்ணிக்குச் சாதி உண்டாண்ணே?"

"சாதி இல்ல. ஞாபகம் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். லீடிங்கும் சிரித்தார். கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகும்போது பாயிடம் மெதுவாக, "நெசமாவே அணையாதுங்குறாங்களா?" என்று கேட்டதை நான் கேட்டேன். பாய், "பேச்சுதான் சார், வுடுங்க" என்றார்.

கார் எரிந்தது வைகாசி மாதம், பதினோரு மணி வெயிலில். புதுச்சேரியிலிருந்து ஒரு துரையும் அவர் மனைவியும் கோட்டையைப் படம்பிடிக்க வந்திருந்தார்கள். ஆமை முதுகு மாதிரி வளைந்த கார், இன்ஜின் பின்னால். அப்படிப்பட்ட காரை நாங்கள் பார்த்ததே இல்லை என்பதால் காலையிலிருந்து ஒரு கூட்டம் அதன் கூடவே நடந்துகொண்டிருந்தது. திருவண்ணாமலை ரோடு கோட்டை மதிலை உடைத்துக்கொண்டு போகும் இடத்தில் நிறுத்திவிட்டு மலையேறப் போனார்கள். இறங்கி வந்து வண்டியைக் கிளப்பியதும் பின்பக்க மூடியின் இடுக்கிலிருந்து புகை வந்தது. துரை இறங்கி மூடியைத் தூக்கினார். தீ அவர் புருவத்தைத் தொட்டுவிட்டுப் போனது. மனைவியை இழுத்துக்கொண்டு ஓடினார். அந்த அம்மாளின் ஓலைத் தொப்பி மட்டும் முன் சீட்டில் தங்கிவிட்டது.

யாரோ சைக்கிளில் தோப்புக்குப் பறந்தார்கள். மணியடித்துக்கொண்டு வண்டி வருவதற்குள் பெட்ரோல் எரிந்து, டயர் எரிந்து, சீட்டுக்குள்ளிருந்த நார் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. லீடிங்கு குதித்தார். "வாட்டர் ஆன்!" சீட்டு அணைந்தது. டயர் அணைந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். கறுத்துப்போன ஓட்டுக்குள்ளே பின்பக்கத்தில் மட்டும் ஏதோ சிணுங்கிக்கொண்டிருந்தது. குழாயைப் பிடித்தவர் அதன் மேல் திருப்பினார்.

வெடித்தது என்று சொன்னால் சரியாக இருக்காது. விரிந்தது. மத்தியான வெயிலே மங்கலாகத் தெரியும்படி ஒரு வெள்ளை. பொரி பொரியாகத் தெறித்தது. குழாயைப் பிடித்தவர் பின்னால் விழுந்து எழுந்தார். தண்ணீரை வேறு பக்கம் திருப்பினால் கொஞ்சம் குறைந்தது. மறுபடி பாய்ச்சினால் மறுபடி வெள்ளை. மூன்று தடவை இப்படி. மூன்றாவது தடவை கூட்டத்தில் ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மளிகைக்கடைக்காரர் சத்தமாகவே சொன்னார்: "சொன்னேனா இல்லியா? குளத்துத் தண்ணிடா அது! எப்படி அடங்கும்?"

லீடிங்கு திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரிந்தது. நான் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றேன். "நாக் ஆஃப்!" என்று கத்தினார். பாய் பம்பை நிறுத்தவில்லை. காதில் விழுந்தது தவறோ என்று அவரையே பார்த்தார். லீடிங்கு மறுபடி கத்தினார். குழாய் தரையில் விழுந்தது. லீடிங்கு தலையிலிருந்த தோல் தொப்பியைக் கழற்றினார், ரோட்டோரத்துக் காய்ந்த புழுதி மண்ணை அதில் வாரினார், காரின் பின்பக்கத்தில் கொட்டினார். மறுபடி வாரினார். அவருடைய ஆட்களும் மண்வெட்டியோடு வந்தார்கள்.

கூட்டம் சிரித்ததை நான் மறக்கவில்லை. "தொட்டி நெறைய தண்ணி வச்சிக்கினு மண்ணு வாருறாங்கடோய்!" "இதுக்கு ஒரு மணி, ஒரு வண்டி!" அவர்கள் சிரிக்கச் சிரிக்க வெள்ளை மங்கி, மஞ்சளாகி, மண்ணுக்குள் போனது. கால் மணி நேரத்தில் புகை மட்டும்தான். அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எரிய இருந்ததெல்லாம் எரிந்து தீர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

காரின் அடியில், மண்ணைத் தள்ளிப் பார்த்தபோது, நல்ல வெள்ளைச் சாம்பல் கிடந்தது. மாவு மாதிரி. பெண்கள் அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பொட்டலம் கட்டிப் போய்விட்டது. ராணியம்மா திருநீறு. எங்கள் அம்மாவும் ஒரு சிட்டிகை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்தாள்.

பத்து நாள் கழித்து மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். துரை ஏதோ புகார் எழுதியிருந்தாராம். தாலுக்கா ஆபீசில் ஒரு அறை கொடுத்தார்கள். வாக்குமூலம் எழுத உதவிக்கு என் நைனாவைப் போட்டார்கள். அவர் அங்கே குமாஸ்தா, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அன்று மத்தியானம் நான் நைனாவுக்குத் தூக்கில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே பாய் நின்றுகொண்டிருந்தார்.

"பம்பு ஏன் நின்றது?" என்று அதிகாரி கேட்டார்.

"தண்ணி தீந்துட்சி சார்" என்றார் பாய்.

எனக்கு அது பொய் என்று தெரியும். பாய் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை, சொன்னது தப்பு, அவ்வளவுதான். யாராவது கணக்குத் தப்பாகப் போட்டால் எனக்கு எப்படிக் கை பரபரக்குமோ அப்படித்தான் அப்போதும். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "இல்ல சார். தண்ணி தீரல. லீடிங்கு மாமாதான் நாக் ஆஃப் சொன்னாரு. ரெண்டு தடவ" என்றேன்.

அதிகாரி சிரித்தார். "யார் இது?"

"என் பொண்ணு சார்" என்றார் நைனா. எழுந்தே நின்றுவிட்டார்.

"நாக் ஆஃப்னா என்னன்னு உனக்குத் தெரியுமா பாப்பா?"

"பம்பை நிறுத்துன்னு அர்த்தம்." நோட்டில் எழுதி வைத்திருப்பதையும் சொன்னேன். மற்றச் சொற்களையும் ஒப்பித்தேன். அதிகாரிக்கு ரொம்பச் சந்தோஷம். நாற்காலி போட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் பட்டதும் தீ வெள்ளையாக ஆனது, மூன்று தடவையும் வெள்ளையாக ஆனது, மண் போட்டதும் மஞ்சளானது. நைனா எழுதிக்கொண்டே வந்தார். 'வெள்ளை' என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் பேனா நின்றது. கடைசியில் எனக்கே படித்துக் காட்டினார். "தண்ணீர் பட்டதும் தீ அதிகமாயிற்று. அப்போது லீடிங் ஃபயர்மேன் பம்பை நிறுத்தச் சொன்னார். தொட்டியில் தண்ணீர் இருந்தது."

"வெள்ளையா ஆச்சுன்னு சொன்னேனே நைனா."

"அதிகமாச்சுன்னாலும் அதானே?" என்றார், என்னைப் பார்க்காமல். அதிகாரியும், "நெருப்பு வெயில்ல அப்படித்தாம்மா தெரியும்" என்றார்.

வாசலில் பாய் பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நீ நல்லாப் படிப்பே பாப்பா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

ஆனி முடிந்ததும் வண்டி ஊரைவிட்டுப் போனது. கொட்டகைத் தகரத்தைப் பிரித்து ஏற்றும்போது லீடிங்கு மாமா இருந்தார். சட்டைக் கையில் பட்டை இல்லை. தையல் பிரித்த இடத்தில் துணி மட்டும் புதிதாக, கருநீலமாகத் தெரிந்தது. நிறைய பேர் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே, எரிகிற வண்டியை விட்டுப் பம்பை நிறுத்தியது கடமை தவறியது என்று முடிவாகிவிட்டதாகப் பாய்தான் பிறகு நைனாவிடம் சொன்னார். பன்னிரண்டு வருஷம் சர்வீசில் வாங்கிய பட்டையாம். எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு அப்போது குழப்பம்தான் இருந்தது. நான் சரியாகத்தானே சொன்னேன்?

ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. நான் இரண்டு விஷயம் சொன்னேன். அவரைக் கவிழ்ப்பதை எழுதிக்கொண்டார்கள். அவரைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டார்கள். 'வெள்ளை' என்று இருந்திருந்தால், எரிந்தது உலோகம் என்று விஷயம் தெரிந்த ஒருவராவது கண்டுபிடித்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை கத்திய பிறகு நான் மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சில கார்களில் இன்ஜின் கூட்டை லேசாக இருக்கட்டும் என்று மக்னீசியம் கலந்த உலோகத்தில் வார்ப்பதுண்டு என்றார். நன்றாகச் சூடேறிப் பற்றிக்கொண்டால் அதன் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. எந்தக் குளத்துத் தண்ணீரானாலும். "காய்ஞ்ச மண்ணு போட்டாரா? அதுகூட முழுசா சரியான மருந்து இல்லை. ஆனா அந்த இடத்துல, அந்த நேரத்துல, அதைவிட நல்லது வேற ஒண்ணும் இல்லை." பிறகு, "ஆனா நீ பத்து வயசுல பார்த்ததை வெச்சு நான் எப்படி ஒத்துக்கிறது? அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவின் பூஜை அலமாரியைக் குடைந்தேன். பொட்டலம் அங்கேயே இருந்தது, பித்தளைச் சம்புடத்துக்குள். ஒரு சிட்டிகை எடுத்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"அடியேய், சாமி சமாச்சாரத்துல கை வெக்காதே!"

"காலேஜ்ல பூஜைக்கு வேணும்மா."

"பொய்யி. உன் மூஞ்சிய பாத்தாலே தெரியுது." ஆனால் சம்புடத்தைப் பிடுங்கவில்லை.

அன்று சாயங்காலம் நைனாவிடம் கேட்டேன். அவர் ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. "அன்னிக்கு வெள்ளைன்னு சொன்னதை ஏன் நைனா எழுதலை?"

மறந்துவிட்டதாகச் சொல்வார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்தார்.

"ஊரு இன்னா பேசிச்சுன்னு உனக்குத் தெரியுமா? கடைக்காரன் பொண்டாட்டி வெள்ளப் பொடவையில ராணியப் பாத்தேன்னுட்டா. அடுத்த நாள் உன் பேர இழுத்தாங்க. குமாஸ்தா பொண்ணும் பாத்துச்சாம், அது மேல ராணி எறங்கிட்டாளாம்னு. அதுக்கு நடுவுல நீ வேற சர்க்கார் காகிதத்துல வெள்ள வெள்ளன்னு எழுதச் சொல்ற. நாளைக்கு உன்ன எவன் கட்டுவான்?"

"அதனால ஒருத்தர் பட்டை போயிடுச்சே."

"அவரு பட்டைக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது எல்லாம் நீதான்."

நான் மனு எழுதப் போவதாகச் சொன்னேன். வாக்குமூலத்தில் ஒரு சொல் விடுபட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். இலை எதிரில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்தார். பாயிடம் வாங்கி வந்த விலாசம். லீடிங்கு மாமா இப்போது எந்த ஊர் நிலையத்தில் இருக்கிறார் என்று அச்சு மாதிரிக் கையெழுத்தில் எழுதியிருந்தது. "மொதல்ல அவர கேளு" என்றார். "அவரு சரின்னா நான் போடுறேன்."

கல்லூரிக்குத் திரும்பியதும் பொடியைச் சோதித்தேன். ஈரமாக்கித் தொட்டதும் சிவப்பு லிட்மஸ் நீலமானது. குதித்துக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினேன். "உங்க வீட்டு விபூதியும் நீலமாத்தான் மாத்தும், போ" என்று திருப்பி அனுப்பினார். பிறகு முறைப்படி, உப்புப் பகுப்பாய்வில் நாம் செய்வோமே, ஒவ்வொரு தொகுதியாக விலக்கிக்கொண்டே போய்க் கடைசியில் பாஸ்பேட் சேர்த்துக் குழாயின் உள்பக்கத்தைக் கண்ணாடிக் குச்சியால் கீறுவது, அதைச் செய்தேன். கீறின கோடு வழியாக வெள்ளைப் படிகம் இறங்கியது. மிஸ் தன் கையால் நோட்டில் 'மக்னீசியம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றே லீடிங்கு மாமாவுக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். யார் நான், என்ன சொன்னேன், என்ன விட்டுப்போனது, எந்தச் சமன்பாடு, எல்லாம். போன வாரம் பதில் வந்தது. கார்டு. அப்படியே தருகிறேன்.

"பாப்பாவுக்கு ஆசீர்வாதம். கடிதம் கண்டு சந்தோஷம். நீ பேசியதை நான் மனதில் வைக்கவில்லை. நீ நடந்ததைச் சொன்னாய். சயன்சு நீ சொல்வதுபோல் இருக்கலாம். ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. கடைக்காரர் குளத்துத் தண்ணி என்று கத்தியதும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. பயந்துதான் நிறுத்தினேன். பயந்தவன் கையில் பட்டை இருக்கக்கூடாது, அதனால் மனு வேண்டாம். இப்போது புதுப் பையன்களுக்குக் காலைப் பயிற்சி நான்தான் கொடுக்கிறேன். என்ன எரிந்தாலும் எவன் கத்தினாலும் தண்ணீரை நிறுத்தாதே என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். என்னால் ஆனது அதுதான். உன் நைனாவைக் கேட்டதாகச் சொல்லவும்."

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று என் அறைத்தோழி உங்களிடம் சொல்லியிருப்பாள். பட்டைக்காக இல்லை. அந்த மாதிரிக் கார் இப்போது ஊருக்கு நாலு ஓடுகிறது. இருபது வயதுப் பையன் ஒருவன் குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் பின்பக்கத்தில் நிற்பான். நிறுத்தாதே என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தமாட்டான்.

பயந்து நிறுத்தினாரா, தெரிந்து நிறுத்தினாரா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். பயந்தவர்கள் அன்று ரோட்டில் நூறு பேர் இருந்தோம். ஓடினோம், கன்னத்தில் போட்டுக்கொண்டோம். தொப்பியைக் கழற்றி மண் வாரினவர் ஒருவர்தான். அந்தக் கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவர் கார்டில் ஒரு வரிகூட இல்லை.

மனு எழுத மாட்டேன். அவர் பட்டை, அவர் வேண்டாம் என்கிறார். எழுதிப் புரியவைக்கலாம் என்று எட்டுப் பக்கத்தில் நினைத்தது போதும். வார்டன் அம்மாளிடம் சனிக்கிழமைக்கு அனுமதி வாங்கிவிட்டேன். நைனா செஞ்சியிலிருந்து வந்து, லீடிங்கு மாமா இருக்கும் ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக எழுதியிருக்கிறார். பாயையும் கூட்டி வருகிறாராம். மிஸ் ஒரு டப்பாவில் மக்னீசிய நாடாவும் மற்றச் சாமான்களும் கட்டிக் கொடுத்து, எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று இரண்டு தடவை சொல்ல வைத்தார். சாயங்காலம் போய்ச் சேர்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே பயிற்சி. பையன்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் எதிரிலேயே கொளுத்தி, தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது என்று காட்டிவிட்டு, அவரிடம் கேட்கப் போகிறேன்: "மாமா, எப்போ நிறுத்தணும்னும் இவங்களுக்குச் சொல்லுங்க."